தறி யார் வீட்டில் நிற்கிறது

ராஜபாளையத்தைச் சுற்றி ஒரு நாள் முழுக்கப் பஸ்ஸில் ஏறி இறங்கினால் துணித் தொழிலின் எல்லா வயதையும் பார்த்துவிடலாம். நகரில் நூற்பாலைகள். பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-இல் தொடங்கிய ராஜபாளையம் மில்ஸ் அவற்றின் முன்னோடி வரிசையில் நிற்கிறது. சத்திரப்பட்டிப் பக்கம் போனால் மருத்துவமனைகளுக்கான பேண்டேஜ் துணி நெய்யும் விசைத்தறிகளின் தடதடப்பு. ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் சுந்தரபாண்டியத்தில் இன்னும் கைத்தறி. சோழபுரம் போன்ற ஊர்களிலிருந்து ஒரே தெருக்காரர்கள் ஒருவர் மில்லுக்கும், ஒருவர் தறிக்கூடத்துக்கும், இன்னொருவர் வயலுக்கும் போகிறார்கள். கிழக்கே சிவகாசி, சாத்தூர் பக்கம் தீப்பெட்டி. புது எந்திரம் வரும்போது மக்கள் ஏன் முரண்டு பிடிக்கிறார்கள் என்று யோசிக்க இதைவிடப் பொருத்தமான வட்டாரம் தமிழ்நாட்டில் குறைவு. எந்திரத்தை எதிர்த்தவர்கள், ஏற்றவர்கள், அதனாலேயே வாழ்ந்தவர்கள், அதனாலேயே அழிந்தவர்கள் எல்லோரும் இங்கே அண்டை வீட்டுக்காரர்கள்.

இந்தக் கேள்விக்கு ஓர் எளிய பதில் நூறு ஆண்டுகளுக்கு மேலாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது: பழக்கதோஷம், படிப்பின்மை, மாற்றத்தைக் கண்டு அச்சம். பிரிட்டிஷ் அதிகாரிகளின் அறிக்கைகளில் இது உண்டு. இன்றைய மேலாண்மை வகுப்புகளிலும் உண்டு. இந்தப் பதிலில் எனக்கு நம்பிக்கை இல்லை. தறியின் வரலாற்றையே இதற்கு மறுப்பாகச் சொல்லலாம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாணத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் என்ற பொறியியல் பேராசிரியர் இருந்தார். அலுமினியப் பாத்திரம், குரோம் தோல் பதனிடல், இறைவை எஞ்சின் என்று பலவற்றை இங்கே அறிமுகப்படுத்திய மனிதர். கைத்தறியில் குறுக்கிழையைக் கொண்டுபோகும் நாடாவைக் கையால் இந்தப் பக்கம் எறிந்து அந்தப் பக்கம் பிடிப்பதற்குப் பதிலாக, கயிற்றை இழுத்தால் நாடா தானே ஓடும் தறியைப் பரப்ப வேண்டும் என்பது அவருடைய முனைப்பு. இங்கிலாந்தில் ஜான் கே 1733-இல் கண்டுபிடித்த உத்திதான் அது. நம் நெசவாளர் கையில் அது பரவலாக வந்து சேர 150 ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. சாட்டர்டன் சேலத்தில் அரசுச் செலவில் ஒரு நெசவுச் சாலையே தொடங்கினார். நல்ல தறி, ஒழுங்கான நூல், நாள்தோறும் வேலை. ஆனால் சேலத்து நெசவாளர்கள் அந்தக் கூடத்துக்கு வர விரும்பவில்லை. வந்தவர்களும் நிலைத்து நிற்கவில்லை. வீட்டில் மனைவி மக்களோடு, தன் நேரப்படி நெய்து பழகியவர்களை மணி அடித்ததும் கூடத்தில் உட்கார வைப்பது நடக்காத காரியமாக இருந்தது. 1910-இல் இந்தியாவுக்கான அமைச்சர் மார்லி, அரசே தொழில் நடத்துவது கூடாது என்று தடை போட, அந்தக் காலத்துச் சோதனைகள் பலவும் முடிவுக்கு வந்தன.

இதோடு கதையை நிறுத்தினால் சேலத்து நெசவாளர் பழமைவாதி என்ற தீர்ப்பு தயாராக இருக்கும். கதை அங்கே நிற்கவில்லை. கூடத்தை வேண்டாம் என்றவர்கள் தறியை வேண்டாம் என்று சொல்லவில்லை. அடுத்த முப்பது ஆண்டுகளில் அதே கயிறு இழுக்கும் தறி மாகாணம் முழுவதும் வீட்டுக் குழித்தறிகளில் ஏறியது. பொருளாதார அறிஞர் பி.ஜே. தாமஸ் தலைமையில் அமைந்து 1942-இல் அறிக்கை தந்த உண்மையறியும் குழு நாடு முழுவதும் உள்ள தறிகளைக் கணக்கெடுத்தபோது, இந்தியாவின் பெரும்பான்மைத் தறிகள் இன்னமும் கையெறி நாடாவில்தான் ஓடின. புதிய வகைக்கு மாறுவதில் முன்னே நின்ற பகுதிகளில் சென்னை மாகாணமும் ஒன்று. ஒரே கருவி. கூடத்தில் வைத்தபோது ஆள் வரவில்லை. வீட்டுக்கு வந்தபோது தடையில்லை.

காஞ்சிபுரத்துப் பட்டில் கோர்வை போடும் இடத்தில் மட்டும் கையெறி நாடா நீடித்தது. உடலுக்கு ஒரு நிறம், இரு கரைகளுக்கும் வேறு நிறம், மூன்று நாடா, கரைக்கு உதவியாளர் ஒருவர். இந்த வேலைக்குக் கயிறிழுக்கும் தறி ஒத்துவராது. இதையும் மூடப் பிடிவாதம் என்று எழுதியவர்கள் உண்டு. நெசவு தெரிந்தவர் எவரும் எழுதியிருக்க மாட்டார்.

இங்கிலாந்தின் லட்டைட்டுகளுக்கும் இதே அநியாயம் நடந்திருக்கிறது. இன்றைக்குக் கணினி தெரியாத மாமாவைக் கிண்டல் செய்யப் பயன்படும் பெயர் அது. நாட்டிங்காம் பகுதியில் 1811-இல் அவர்கள் உடைத்த காலுறை பின்னும் சட்டகம் புது எந்திரமே கிடையாது. வில்லியம் லீ 1589-இல் செய்தது. இருநூறு ஆண்டாக அதில்தான் அவர்கள் பிழைத்தார்கள். மட்டமான துணியை வெட்டித் தைத்துக் காலுறை என்று விற்றவர்களின் சட்டகங்கள், ஒத்துக்கொண்ட கூலியைக் குறைத்தவர்களின் சட்டகங்கள்: இவற்றைத் தேடித் தேடி உடைத்தார்கள். நியாயமான கூலி கொடுத்தவருடைய சட்டகம், பக்கத்து வீட்டில் இருந்தாலும் தப்பியது. தொழிற்சங்கம் வைக்கச் சட்டம் இடம் தராத காலத்தில், கூலிப் பேச்சுவார்த்தை இந்த வடிவத்தில் நடந்தது என்று வரலாற்றாசிரியர் எரிக் ஹாப்ஸ்பாம் 1952-இல் ஒரு கட்டுரையில் வாதிட்டார். 1812-இல் சட்டகம் உடைப்பவருக்குத் தூக்கு என்று நாடாளுமன்றம் சட்டம் போட்டது. பிரபுக்கள் சபையில் அதை எதிர்த்துப் பேசியவர்களில் கவிஞர் பைரனும் ஒருவர்.

எந்திரத்தோடு சேர்ந்து ஓர் ஒப்பந்தமும் வருகிறது. தறி யார் வீட்டில் நிற்கும், நூல் யாருடையது, மிச்சமாகும் உழைப்பின் பலன் யார் பைக்குப் போகும், நாளைக்குப் பழுதானால் யார் பொறுப்பு என்பவை அந்த ஒப்பந்தத்தின் ஷரத்துகள். மக்கள் முதலில் வாசிப்பது இவற்றைத்தான். எந்திரத்தின் வேகத்தை விற்பவர் பேசுவார். வாங்குபவர் கேட்பது வேறு.

காந்தியைப் பற்றிய பொதுப் பேச்சிலும் இந்த ஷரத்துகள் காணாமல் போய்விடுகின்றன. 1909-இல் எழுதிய 'இந்திய சுயராஜ்யம்' நூலை வைத்து அவரை எந்திர விரோதி என்று முடித்துவிடுவார்கள். 1924-இல் தில்லியில் அவரிடம் இதைக் குறித்து நேரடியாகக் கேட்டவர் ஜி. ராமச்சந்திரன், பின்னாளில் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை நிறுவியவர். எந்திரத்தை எதிர்க்கவில்லை, எந்திர மோகத்தையே எதிர்க்கிறேன் என்ற பொருளில் விடை சொன்ன காந்தி, சிங்கர் தையல் எந்திரத்தை நல்ல கருவிக்கு உதாரணமாகக் காட்டினார். 1929-இல் அகில இந்திய நூற்போர் சங்கம் மேம்பட்ட ராட்டைக்கு ஒரு லட்சம் ரூபாய் பரிசு அறிவித்தது. அந்நாளில் ஒரு லட்சம் என்றால் ஓர் ஊரையே வாங்கலாம். பரிசின் நிபந்தனைகளைப் பாருங்கள்: எடை குறைவாக இருக்க வேண்டும், குடிசையில் வைத்து, கை அல்லது காலால், ஒரு பெண் சிரமமில்லாமல் இயக்க முடிய வேண்டும், எட்டு மணி நேரத்தில் 16,000 அடி நூல் வர வேண்டும், விலை 150 ரூபாயைத் தாண்டக்கூடாது, 20 ஆண்டு உழைக்க வேண்டும். வேகத்தைப் பற்றி ஒரு நிபந்தனை இருக்கிறது. மற்றவை பெரும்பாலும் அந்த எந்திரம் யாருக்குச் சொந்தமாக இருக்க முடியும் என்பதைப் பற்றியவை.

அப்போது பரிசை யாரும் வாங்கவில்லை. இருபது ஆண்டுகளுக்குப் பிறகு திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த ஏகாம்பரநாதன் அம்பர் ராட்டையை உருவாக்கினார். ராஜபாளையத்து மில்லில் ஓடும் அதே ரிங் ஸ்பின்னிங் தத்துவம்; சில கதிர்களாகச் சுருக்கி, வீட்டில் வைக்கும்படி செய்தது. 1955-இல் கார்வே குழு அதை ஆதரித்தது. இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டம் அதற்குப் பெரிய இடம் தந்தது. பெரிய வெற்றி என்று சொல்ல முடியாது. மில் நூலின் விலையோடு அதனால் போட்டியிட முடியவில்லை, காதி நிறுவனங்களுக்கு வெளியே அது அதிகம் போகவும் இல்லை. சொந்த வீட்டில் நிற்கும் எந்திரமெல்லாம் பிழைத்துக்கொள்ளும் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

நூலைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நெசவாளர் எதிர்ப்பு என்று நாம் பேசும்போது, மறைந்து கிடக்கும் இன்னொரு கூட்டம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்து மில் நூல் இறங்கியபோது நம் நெசவாளர்கள் அதை எதிர்க்கவில்லை. சீரான நூல், அறுபடாத பாவு, குறைந்த விலை என்று வாங்கிக்கொண்டார்கள். அழிந்தது வீட்டுக்கு வீடு நூற்றுக்கொண்டிருந்த பெண்களின் வருமானம். அவர்களில் விதவைகளும் முதியவர்களும் நிறையப் பேர். வங்கத்தில் சாந்திபூரைச் சேர்ந்த ஒரு நூற்பவள் எழுதியதாக 1828-இல் 'சமாச்சார் தர்ப்பண்' இதழில் ஒரு கடிதம் வந்தது. காந்தி அதைத் தம் இதழில் எடுத்துப் போட்டார். தமிழ்நாட்டு நூற்பவள் எவளும் அப்படி ஒரு கடிதத்தால் நினைவுகூரப்படுவதில்லை. சங்கம் இருந்தவர் குரல் எதிர்ப்பு என்று பதிவாகிறது. சங்கம் இல்லாதவர் இழப்பு கண்ணீரோடு முடிந்துபோகிறது. எதிர்ப்பு எங்கே இருந்தது என்று தேடுகிற ஆய்வாளர், எதிர்ப்பு எங்கே இல்லாமல் போனது என்றும் தேட வேண்டும்.

விசைத்தறியைப் பற்றிய சண்டை சட்டசபைக்கும் நீதிமன்றத்துக்கும் போனது. ராஜாஜி 1952 முதல் 1954 வரை சென்னை முதல்வராக இருந்தபோது, வேட்டியும் சேலையும் கைத்தறிக்கே ஒதுக்கப்பட வேண்டும் என்று மத்திய அரசிடம் வற்புறுத்தினார். 1953-இல் திமுக தலைவர்கள் கைத்தறித் துணியைத் தோளில் சுமந்து தெருவில் விற்றார்கள். எதிரெதிர்க் கட்சிகள், ஒரே துணி. மத்திய அரசு அமைத்த கானுங்கோ குழுவோ, 1954-இல் தந்த அறிக்கையில், கைத்தறியைப் படிப்படியாக விசைத்தறியாக மாற்ற வேண்டும் என்றது. கைத்தறி மாநிலங்களில் இதற்கு வரவேற்பு இல்லை. கடைசியில் 1985-இல் கைத்தறிக்கான பொருள் ஒதுக்கீட்டுச் சட்டம் வந்தது. மில், விசைத்தறித் தரப்பு வழக்குப் போட, 1993-இல் உச்ச நீதிமன்றம் சட்டத்தை உறுதி செய்தது. முதலில் 22 வகைத் துணி ஒதுக்கப்பட்டிருந்தது. 1996-இல் 11 ஆகச் சுருங்கியது. நெசவாளர் தரப்பின் ஓயாத புகார், ஒதுக்கிய வகைகளும் விசைத்தறியில்தான் நெய்யப்படுகின்றன என்பது. மில்கள் தங்கள் நூலில் குறிப்பிட்ட பங்கைக் கைத்தறிக்கு ஏற்ற சிட்டமாக, அதாவது நூல் கழியாக, தர வேண்டும் என்று 1974 முதல் உள்ள கட்டாயமும் 50 விழுக்காட்டிலிருந்து 2003-இல் 40 ஆகவும், 2019-இல் 30 ஆகவும் இறங்கியது.

விசைத்தறிக்கு மாறியவர்களைச் சிலர் துரோகிகள் போலப் பேசுகிறார்கள். அது முறையல்ல. தமிழ்நாட்டு அரசு விசைத்தறிக்குத் தரும் கட்டணமில்லா மின்சாரம் இரு மாதத்துக்கு 750 யூனிட்டாக இருந்து 2023-இல் 1,000 யூனிட்டாக உயர்ந்தது. கைத்தறிக்கு 200-லிருந்து 300. இதைப் பார்த்துச் சேமிப்பைப் போட்டோ கடனை வாங்கியோ நாலு விசைத்தறி போட்டவர் கணக்குத் தெரிந்தவர்தான். அந்தக் கூடத்தில் பீஸ் கணக்கில் கூலி வாங்கி ஒருவரே பல தறிகளைப் பார்த்துக்கொள்ளும் தொழிலாளிக்கு ஷரத்து வேறு. தறி ஓடினால்தான் அவருக்குக் கூலி. நூல் விலை ஏறினாலும் ஆர்டர் குறைந்தாலும் தறி நிற்கும். முதலில் பாதிக்கப்படுவதும் அவரே. 'விசைத்தறி நெசவாளர்' என்று ஒரே பெயரில் இரண்டு பேரையும் அழைப்பதால் பல விவாதங்கள் குழம்புகின்றன.

கைத்தறியைக் காக்க வேண்டும் என்பவர்களுக்கு எதிராக எண்கள் இருக்கின்றன, அவற்றை மறைக்கக்கூடாது. தேசியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி 2009–10-இல் 43.31 லட்சம் பேர் இத்தொழிலில் இருந்தார்கள், 2019–20-இல் 35.22 லட்சம். கைத்தறிக் குடும்பங்களில் மூன்றில் இரண்டு பங்கு, மாதத்துக்கு 5,000 ரூபாய்கூடச் சம்பாதிக்கவில்லை. இந்தக் கூலிக்குத் தன் மகன் குழியில் இறங்கி உட்கார வேண்டும் என்று எந்த நெசவாளத் தகப்பனும் விரும்புவதில்லை. புது எந்திரத்தை எதிர்க்கும் நெசவாளரைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். பழைய தறியை விட்டுப் போகும் அவர் பிள்ளையைப் பற்றிக் குறைவாகவே பேசுகிறோம்.

தீப்பெட்டிக்கு வருவோம். நான் இதுவரை சொன்னதைச் சிக்கலாக்குவது அந்தக் கதைதான். 1923-இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டி செய்யக் கற்றுத் திரும்பினார்கள். அதே காலத்தில் ஸ்வீடன் முதலீட்டில் விம்கோ என்ற எந்திரத் தீப்பெட்டி நிறுவனம் இந்தியாவில் காலூன்றியது. எந்திரத்தை எதிர்த்துச் சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி வட்டாரம் பிழைத்ததற்கு வரிச் சலுகை பெரிய காரணம். கையால் செய்த தீப்பெட்டிக்கு எக்சைஸ் வரி குறைவு. எந்திரத்தில் செய்ததற்கு அதிகம். ஜிஎஸ்டி வந்தபோதும் 2017-இல் கைக்கு 5, எந்திரத்துக்கு 18 விழுக்காடு. 2020 ஏப்ரலில் இரண்டும் 12 ஆக்கப்பட்டன. சிவகாசி முதலாளிகள் கைத்தொழிலைக் காத்தார்கள் என்று இதைச் சொல்லலாம். எந்தக் கை என்று கேட்டால் பதில் கசக்கும். கட்டை அடுக்கவும் பெட்டி ஒட்டவும் குழந்தைகளின் விரல் வசதியாக இருந்தது. 1986-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடர்ந்த சிவகாசி வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், விதிமீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நல நிதிக்குக் கட்ட வேண்டும் என்றது. எந்திரம் வேண்டாம் என்ற கோஷத்துக்குப் பின்னால் மலிவான கூலியை இழக்க விரும்பாத முதலாளியும் நிற்கலாம். கைத்தொழில், மரபு, வேலைவாய்ப்பு என்று யார் பேசினாலும், யார் கை, எவ்வளவு கூலி என்று கேட்டுவிட்டுத்தான் கைதட்ட வேண்டும்.

அதே தொழில் இப்போது லைட்டரைப் பார்த்து முறையிடுகிறது. எரிந்து தீரும் பிளாஸ்டிக் லைட்டர் தங்கள் சந்தையைக் கெடுக்கிறது என்று தீப்பெட்டி உற்பத்தியாளர்கள் கோரிக்கை வைத்தார்கள். 2023 ஜூனில் மத்திய அரசு 20 ரூபாய்க்குக் குறைந்த விலை லைட்டர் இறக்குமதிக்குத் தடை போட்டது. தீக்குச்சியை எந்திரத்தில் செய்யத் தொடங்கிவிட்ட முதலாளிகளும் அந்தக் கோரிக்கை வைத்தவர்களில் உண்டு. அவர்களை யாரும் மாற்றத்துக்கு அஞ்சுபவர்கள் என்று சொல்லவில்லை. 'உள்நாட்டுத் தொழில் பாதுகாப்பு' என்றுதான் சொன்னார்கள்.

பழைய முறையை விடாதிருப்பது சில இடங்களில் வெறும் லாபக் கணக்கு. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. 'விறகு அடுப்பில் கிண்டியது' என்ற வாசகத்துக்கு அங்கே நல்ல மவுசு. கேஸ் அடுப்பு வேகமாகக் கிண்டும். ஆனால் பழைய முறைக்கு வாடிக்கையாளர் கூடுதல் விலை தரும்போது பழைய முறையை விடாமல் இருப்பதே லாபம். அதே வாடிக்கையாளர் துணிக்கடையில் கைத்தறிச் சேலைக்குப் பத்து ரூபாய் கூடுதல் என்றால் விசைத்தறிப் பக்கம் திரும்பிவிடுகிறார்.

கடைசியாக ஒரு சண்டை. பன்னிரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்துக்கான தயாரிப்பில், கைத்தறி என்பதன் வரையறையையே மாற்றலாம் என்று ஒரு யோசனை எழுந்தது. நெசவின் ஏதாவது ஒரு வேலையில் மனித உழைப்பு இருந்தால் போதும், மோட்டார் வைத்த தறியையும் கைத்தறி என்று சொல்லலாம் என்பது அதன் சாரம். கைத்தறி அமைப்புகள் கொதித்தன. யோசனை கிடப்பில் போடப்பட்டது. மேலோட்டமாகப் பார்த்தால், முழங்கால் தேய்ந்து மிதிப்பலகை அமுக்கும் அறுபது வயது நெசவாளரிடம் மோட்டார் வந்தால் வேண்டாம் என்பாரா என்று கேட்கத் தோன்றும். மோட்டார் அவர் வீட்டுத் தறியிலேயே ஏறும் என்று உறுதி இருந்தால் வேண்டும் என்பவர்களே அதிகம் இருப்பார்கள். ஆனால் மோட்டார் வைத்த மறுநாளே அவர் தறிக்கும் சத்திரப்பட்டிக் கூடத்துத் தறிக்கும் வித்தியாசம் காட்ட முடியாது. ஒதுக்கீடு, ரிபேட், கூட்டுறவுச் சொசைட்டிக் கொள்முதல், இலவச வேட்டி சேலை ஆர்டரில் பங்கு, எல்லாவற்றுக்கும் பிடியாக இருந்த அந்தப் பெயர் போய்விடும். அந்த யோசனையை எதிர்த்தவர்கள் மோட்டாரை எதிர்த்தார்கள் என்று எழுதுவது சரியாகாது.

ஏனென்றால், துணியில் பூவேலை போட உதவும் ஜக்கார்டைக் காலால் தூக்குவதற்குப் பதிலாகக் காற்றழுத்தத்தால் தூக்கும் கருவி கைத்தறிகளுக்கு வந்திருக்கிறது. கைத்தறி நெசவாளர்களுக்குக் கருவி வாங்கித் தரும் மத்தியத் திட்டம் ஒன்றில் செலவில் 90 விழுக்காட்டை அரசே ஏற்கிறது. தறி நெசவாளர் வீட்டிலேயே நிற்கிறது, கைத்தறி என்ற பெயரும் நிற்கிறது. அதை எதிர்த்து யாரும் ஊர்வலம் போகவில்லை.